வயற்காட்டுக் கண்ணுக்கு நெறி வகுப்பவர் யார்?

தை பிறந்து அறுப்புத் தொடங்கினால் பெரியாறு பாசனப் பகுதி நெடுகிலும் களத்துமேடு கலகலக்கும். சோழவந்தான், வாடிப்பட்டி, மேலூர் வயல்களில் கதிர் அரிவாளோடு வரிசை கட்டி இறங்கிய காலம் பெரும்பாலும் போய், இன்று இயந்திரம் இறங்குகிறது. ஆனால் தூசியும் சுணையும் குறைந்துவிடவில்லை. தூற்றுகிறபோது ஒரு பதர் கண்ணில் அடிக்கிறது. கட்டுத் தூக்குகிறபோது வைக்கோல் நுனி கீறுகிறது. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் போனால் சோளத்தட்டை, பருத்திமார், கரும்புத் தோகை, கருவேல முள். அடிபட்டவர் முந்தானையிலோ துண்டிலோ கண்ணை ஒற்றிக்கொண்டு மறுபடி குனிந்து வேலை பார்க்கிறார். பாதி நாளில் கரையேறினால் கூலி போய்விடும்.

இரவில் கண் உறுத்துகிறது. தாய்ப்பால் விடச் சொல்கிறார் ஒருவர், விளக்கெண்ணெய் விடச் சொல்கிறார் இன்னொருவர். மூன்றாம் நாள் கண் சிவக்கிறது. மருந்துக் கடையில் கேட்டால் ஏதோ ஒரு சொட்டு மருந்து கொடுக்கிறார்கள். அது ஸ்டீராய்டு கலந்த மருந்தாக இருந்துவிட்டால் சிவப்பு தணிந்து சுகம் போலத் தோன்றும். உள்ளே காளான் பரவும். பத்தாம் நாள் கருவிழியில் வெள்ளைப் புள்ளி. ஊர் அதற்குச் சொல்லும் பெயர், “பூ விழுந்துவிட்டது.” ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது காப்பாற்ற வேண்டியது பார்வையை அல்ல, கண் உருண்டையையாவது என்ற நிலை.

இந்த நோய்க்கு எப்படி வைத்தியம் செய்வது என்று எழுதி வைக்க வேண்டியது யார்? இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. எந்த நோய்க்கு எழுதுவது, எதற்கு எழுதாமல் விடுவது என்று தீர்மானிப்பவர் யார்?

வைத்தியர்களின் சங்கங்கள் காலத்துக்குக் காலம் சிகிச்சை நெறிமுறைகளை வெளியிடுகின்றன. இன்ன நோய்க்கு இன்ன பரிசோதனை, முதலில் இந்த மருந்து, பலிக்காவிட்டால் அந்த மருந்து, எப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று ஆதாரத்தோடு வகுத்துத் தரும் ஏடு அது. இது வைத்தியர்களின் உள்விவகாரம், நமக்கென்ன என்று பாட்டாளி மக்கள் இருந்துவிட முடியாது. சர்க்கார் எந்த மருந்தை மொத்தமாக வாங்குகிறது, இன்ஷூரன்ஸ் கம்பெனி எதற்குப் பணம் தருகிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் இளம் டாக்டர் எந்த மாத்திரையை எழுதுகிறார் என்பதெல்லாம் இந்த ஏட்டைத் தொட்டுத்தான் நிற்கின்றன. ஏட்டில் இல்லாத நோய், கொள்முதல் பட்டியலிலும் பின்வரிசைக்குத்தான் போகும்.

நெறிமுறையை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு விதிகள் வந்துவிட்டன. 2011-ல் அமெரிக்க மருத்துவக் கழகம், நம்பத்தக்க நெறிமுறைக்கு எட்டு அளவுகோல்களை வகுத்தது. பணம் எங்கிருந்து வந்தது என்று பகிரங்கப்படுத்த வேண்டும், குழுவில் நோயாளிகளின் பிரதிநிதியும் இருக்க வேண்டும், ஆதாரத்தைத் தரம் பிரிக்க வேண்டும், இப்படி எட்டு. நல்ல விதிகள்தாம். ஆனால் எந்த நோயைத் தலைப்பாக எடுப்பது என்பதற்கு அந்த எட்டில் தனி அளவுகோல் ஒன்று இல்லை. 2014-ல் கனடாவின் மாக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தாரும் சர்வதேச நெறிமுறை அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட பட்டியல்தான் முன்னுரிமை நிர்ணயத்தையும் ஒரு வேலையாகச் சேர்த்தது. சமையலுக்கு ஆயிரம் விதி போட்டுவிட்டு, பந்தியில் யாரை உட்கார வைப்பது என்பதைக் கடைசியில் பேசுவது போலத்தான் இது.

தலைப்புத் தேர்வுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் நான்கு: நோயின் பாரம், வைத்தியர்களுக்குள் சிகிச்சையில் உள்ள வேற்றுமை, செலவு, கையில் இருக்கும் ஆதாரம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. மதுரையின் கண்ணை வைத்து அந்த நியாயத்தை உரசிப் பார்ப்போம்.

முதலில் பாரம். மதுரை மாவட்டத்தில் கருவிழிப் புண் எத்தனை பேருக்கு வருகிறது என்று அரவிந்த் கண் ஆஸ்பத்திரி வைத்தியர்களும் அமெரிக்க வைத்தியர்களும் சேர்ந்து கணக்கிட்டு 1996-ல் வெளியிட்டார்கள். ஆண்டொன்றுக்கு லட்சம் பேரில் 113 பேர். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ஓல்ம்ஸ்டெட் வட்டத்தில் அதே கணக்கு லட்சத்துக்கு 11. பத்து மடங்கு! மதுரைக் கணக்கை நாடு முழுமைக்கும் பொருத்தினால் ஆண்டுக்கு 8 லட்சத்து 40 ஆயிரம் பேர் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள்.

அடுத்த ஆண்டு இன்னொரு ஆய்வு வெளிவந்தது. 1994 ஜனவரி முதல் மார்ச் வரை மூன்றே மாதத்தில் மதுரை ஆஸ்பத்திரிக்கு வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளை அது ஆராய்ந்தது. தையும் மாசியும் பங்குனியும், அறுப்பும் போரடியும் நடக்கிற மாதங்கள் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நூற்றுக்கு 65 பேர் கண்ணில் அடிபட்டதாகச் சொன்னவர்கள். கிருமி கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு பாக்டீரியா, பாதிப்பேருக்குப் பூஞ்சைக் காளான். காளான்களில் முதலிடம் ஃபியூசேரியம் என்ற இனத்துக்கு. செடி கொடிகளையும் மண்ணையும் பற்றி வாழ்வது அது. இது ஏழை உழவனின் நோய், உழைக்கும் வயதில் வருகிற நோய். 1997-ல் இதைப் பற்றி எழுதிய வைத்தியர்கள், ஓசையில்லாமல் பரவும் கொள்ளைநோய் என்றே அழைத்தார்கள்.

ஏன் ஓசையில்லை? குருட்டுத்தனத்தை அளக்கிற கணக்கு முறையே காரணம். ஒருவர் குருடர் என்று புள்ளிவிவரத்தில் ஏற வேண்டுமானால் இரண்டு கண்ணில் நல்ல கண்ணின் பார்வையும் போயிருக்க வேண்டும். ஒரு கண் போனவர் அந்தக் கணக்கில் பார்வையுள்ளவர்! கருவிழிப் புண்ணோ பெரும்பாலும் ஒரு கண்ணைத்தான் தின்னும். களை எடுக்கும் கைக்கு ஆழமும் தூரமும் தெரியாமல் போய், மேஸ்திரி கூப்பிடுவதை நிறுத்திவிட்ட பெண், அரசாங்கப் புள்ளிவிவரத்தின் பார்வையில் முழு ஆரோக்கியத்தோடு இருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், 1923-ல் வெள்ளைக்காரன் போட்ட தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே ஒரு கண்ணின் பார்வை போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 30 போயிற்று என்று எழுதியிருக்கிறது. நஷ்டஈட்டுச் சட்டத்துக்குத் தெரிந்த இழப்பு, நோயின் பாரத்தை அளக்கிறவர்களுக்குத் தெரியவில்லை. (அந்தச் சட்டத்தின் பலன் நெல் அறுக்கும் கூலிக்காரர் எத்தனை பேரின் கைக்கு எட்டியது என்பது வேறு விவகாரம்.)

அடுத்து ஆதாரம். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. நிறைய ஆராய்ச்சி நடந்த நோய்க்கு நெறிமுறை எழுதுவது எளிது. நிறைய ஆராய்ச்சி நடப்பது எந்த நோய்க்கு? மருந்து விற்றால் லாபம் வருகிற நோய்க்கு. ஏழையின் நோய்க்கு ஆராய்ச்சி இல்லை. ஆராய்ச்சி இல்லாததால் நெறிமுறை இல்லை. நெறிமுறை இல்லாததால் இது முக்கியமான நோயல்ல என்று ஆகி, மறுபடி ஆராய்ச்சி இல்லை. செக்குமாடு சுற்றுகிற வட்டம் இது.

அந்த வட்டத்தை ஒரு இடத்தில் உடைத்துக் காட்டியது மதுரை என்பதைப் பெருமையோடு சொல்லலாம். பூஞ்சைக் காளான் புண்ணுக்கு நாட்டமைசின் என்று ஒரு பழைய சொட்டு மருந்து உண்டு. 1955-ல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து எடுக்கப்பட்டது. பெயரும் அந்த ஊரின் பெயரே. 1860 முதல் தமிழ்க் கூலிகள் கப்பலேறிப் போய்க் கரும்பு வெட்டிய அதே நேட்டால்! பிற்பாடு வோரிகோனசோல் என்ற புது மருந்து வந்தது. புதிது என்றால் மேலானது என்ற நம்பிக்கை வைத்தியர்களிடையிலும் பரவியது. எது உண்மையில் மேலானது?

2010 ஏப்ரல் முதல் 2011 டிசம்பர் வரை மதுரை, கோவை, புதுச்சேரி அரவிந்த் ஆஸ்பத்திரிகளில் 323 நோயாளிகளை இரண்டு பிரிவாகச் சீட்டுப் போட்டுப் பிரித்து, யாருக்கு எந்த மருந்து என்று வைத்தியருக்கும் நோயாளிக்கும் தெரியாமல் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2013-ல் வெளிவந்தது. பழைய நாட்டமைசினே ஜெயித்தது; அதிலும் ஃபியூசேரியம் புண்ணில் வித்தியாசம் மிகத் தெளிவு. கண் ஓட்டையாகிப் போவதும், அவசரமாகக் கருவிழி மாற்ற வேண்டி வருவதும் நாட்டமைசின் பிரிவில் ஏறத்தாழ பாதியாக இருந்தன. 2016-ல் வந்த அடுத்த ஆய்வு, கடுமையான புண்ணுக்கு வோரிகோனசோல் மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தும் மொத்தத்தில் கூடுதல் பலன் இல்லை என்று காட்டியது. 2017-ல் உலக சுகாதார ஸ்தாபனம் நாட்டமைசினை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

மதுரைச் சமவெளியின் குடியானவர்கள் தங்கள் கண்ணைக் கொடுத்து உலகத்துக்கே விடை கண்டு தந்திருக்கிறார்கள். கேள்வியை எழுப்பியதில் மதுரை வைத்தியர்களுக்குப் பங்குண்டு; பணம் வந்ததோ அமெரிக்க தேசியக் கண் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து. அந்த உதவியை நாம் குறை கூறவில்லை. உள்நாட்டு நோய்க்கு உள்நாட்டுப் பணம் முந்திக்கொண்டிருக்க வேண்டாமா என்றுதான் கேட்கிறோம்.

இனி அமெரிக்கக் கண் மருத்துவக் கழகத்தின் நெறிமுறைப் பட்டியலைப் பாருங்கள். பாக்டீரியா கருவிழிப் புண்ணுக்குத் தனி ஏடு உண்டு. 2023-ல் கூடத் திருத்தி வெளியிட்டார்கள். கண் வறட்சிக்குத் தனி ஏடு உண்டு. காளான் புண்ணுக்குத் தனி ஏடு அந்த வரிசையில் இல்லை. இதில் சதி ஒன்றுமில்லை. அந்தக் கழகம் இந்த ஏடுகளுக்குக் கம்பெனிப் பணம் வாங்குவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே கருவிழிப் புண் பெரும்பாலும் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்கு வருகிறது, பெரும்பாலும் பாக்டீரியாவால் வருகிறது. அவரவர் தங்கள் வாசலுக்கு வருகிற நோயாளியைப் பார்த்து எழுதுகிறார்கள். அந்த ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேலூர் நோயாளியைப் பார்க்கிற நம்மவர்களைத்தான் கேட்க வேண்டும்: உங்கள் வாசலுக்கு வருகிறவரைப் பார்த்து நீங்கள் எப்போது எழுதப் போகிறீர்கள்?

கம்பெனிப் பணம் நுழைகிற இடங்களும் இல்லாமல் இல்லை. கண் வறட்சியைப் பற்றி 2017-ல் 23 நாடுகளின் நிபுணர்கள் சுமார் 150 பேர் கூடிப் பெரிய அறிக்கை தந்தார்கள். மருந்துக் கம்பெனிகள் நன்கொடை கொடுத்தன. கண் வறட்சி கஷ்டம் தராத நோய் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வாழ்நாள் முழுவதும் சொட்டு மருந்து வாங்குகிற நோயாளிக்காக 150 நிபுணர்கள் கூடுவார்கள். மூன்று வாரத்தில் கண் பிழைக்கும் அல்லது போகும் என்கிற நோயாளிக்காகக் கம்பெனிகள் மகாநாடு கூட்டித் தருமா? அமெரிக்க இருதய நோய்ச் சங்கங்களின் நெறிமுறைகளை எழுதியவர்களில் நூற்றுக்கு 56 பேருக்குக் கம்பெனித் தொடர்பு இருந்ததாக 2011-ல் ஒரு ஆய்வு சொன்னது.

நம் நாட்டுக் கதை இன்னும் விசித்திரம். 2008-ல் இந்திய மருத்துவச் சங்கம் ஒரு பன்னாட்டுக் கம்பெனியின் பழரசத்துக்கும் ஓட்ஸுக்கும் தன் முத்திரையைக் கொடுக்க ஒப்பந்தம் போட்டது. விலை 2 கோடியே 25 லட்சம் ரூபாய். 2009 டிசம்பரில் மருத்துவக் கவுன்சில், மருந்துக் கம்பெனிகளிடம் பரிசு, பயணச் செலவு, பணம் எதுவும் வாங்கக் கூடாது என்று டாக்டர்களுக்கும் அவர்களுடைய சங்கங்களுக்கும் விதி போட்டது. 2016-ல் ஒரு திருத்தம் வந்தது. “சங்கங்கள்” என்ற சொல் விதியிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது! தனி டாக்டர் ஒரு பேனா வாங்கினால் குற்றம். சங்கம் முழு மகாநாட்டுச் செலவையே வாங்கினால் குற்றமில்லை. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புது விதிகளைக் கொண்டு வந்து, கம்பெனி செலவில் நடக்கும் கருத்தரங்குகளுக்கு டாக்டர்கள் போகக் கூடாது என்றது. சங்கங்கள் கொதித்தெழுந்தன. மூன்றே வாரத்தில் விதிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. இப்படிப்பட்ட மேடைகளில் அடுத்த ஆண்டுக்கு என்ன தலைப்பு என்று பேச்சு வரும்போது, உசிலம்பட்டிப் பருத்திக்காட்டின் பெயர் யார் வாயில் வரும்?

வேறு வழியே இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். இதே தமிழ்நாட்டில் 1956-ல் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. காசநோய்க்குச் சானடோரியம் வேண்டும் என்பது அன்றைய மேல்நாட்டு வைத்திய சாஸ்திரம். சென்னையின் ஏழைகளுக்குச் சானடோரியத்தில் கட்டில் எங்கே? வீட்டிலேயே, குடிசையிலேயே, அரை வயிற்றுக் கஞ்சியோடு மருந்து சாப்பிட்டால் குணமாகுமா? சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் 193 நோயாளிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்துப் பார்த்தது. 1959-ல் விடை வந்தது: வீட்டு வைத்தியமும் ஏறத்தாழ அதே பலன் தருகிறது, வீட்டிலிருப்பவர்களுக்கு அதனால் தொற்று அதிகமாவதில்லை. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். இதில் விடையைவிடக் கேள்வியைத்தான் நாம் கவனிக்க வேண்டும். கட்டில் இல்லாதவனின் நிலையிலிருந்து கேட்கப்பட்ட கேள்வி அது.

கருவிழிப் புண்ணிலும் கேட்கப்படாமல் கிடக்கும் கேள்விகள் ஏராளம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் தென்கிழக்காசியக் கிளை 2004-ல் இதற்கு ஒரு நெறிமுறை வெளியிட்டது. கிராம மட்டத்தில் என்ன, வட்டார ஆஸ்பத்திரியில் என்ன, பெரிய ஆஸ்பத்திரியில் என்ன என்று மூன்று படியாகப் பிரித்தது. நல்ல தொடக்கம். அதற்குப் பிறகுதான் நாட்டமைசின் ஆய்வுகள் எல்லாம் வந்தன. மதுரை மாவட்டத்தில் இரண்டு பஞ்சாயத்துகளில் 48 ஆயிரம் மக்களிடையே ஒன்றரை ஆண்டு நடந்த பணியின் விவரம் 2006-ல் வெளிவந்தது. கிராம சுகாதாரப் பணியாளர்கள் கண்ணில் கீறல் பட்டவர்களுக்கு உடனே மூன்று நாள் களிம்பு போட்டார்கள். அநேகமாக எல்லாக் கீறலும் புண்ணாகாமல் ஆறின. எவ்வளவு எளிய வேலை! ஆனால் நேபாளத்தில் இதே வழியைப் பெரிய அளவில் செய்து 2022-ல் வந்த முடிவு, அந்த வட்டாரங்களில் புண் குறைந்ததாகக் காட்டவில்லை. ஏன்? கீறல் பட்டவர்கள் பணியாளரிடம் வரவில்லையா, களிம்பு போதவில்லையா, நிலத்துக்கு நிலம் வித்தியாசமா? ஆதாரம் இப்படி இரண்டு பக்கமும் இழுக்கிற இடத்தில்தான் வைத்தியர் சங்கம் உட்கார்ந்து யோசித்து நெறி வகுக்க வேண்டும்.

அந்த நெறி ஆஸ்பத்திரிக் கட்டிலோடு நின்றுவிடவும் கூடாது. நாட்டமைசினை முதல் வாரம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு தரம் விட வேண்டும் என்பது ஆய்வில் கையாண்ட முறை. களை எடுக்கிற பெண் மணிக்கொரு தரம் கரையேறி, சேற்றுக் கையைக் கழுவிச் சொட்டு மருந்து விடுவதா? மூன்று வாரக் கூலியை யார் தருவது? துணைக்கு வருகிறவரின் கூலி? மருந்தின் பெயரை எழுதிவிட்டு இதை எழுதாமல் விடுகிற நெறிமுறை பாதி நெறிமுறைதான். இதை எழுதத் தெரிந்தவர்கள் வைத்தியக் கல்லூரியில் இல்லை, களத்துமேட்டில் இருக்கிறார்கள்.

ஆகவே அகில இந்திய கண் மருத்துவர் சங்கத்தையும் தமிழ்நாட்டுக் கண் மருத்துவர்களையும் நாம் கேட்டுக்கொள்வது: எந்தத் தலைப்புகள் முன்மொழியப்பட்டன, எவை தள்ளப்பட்டன, என்ன காரணத்தால் என்று ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிடுங்கள். தலைப்பைத் தீர்மானிக்கும் குழுவில் விவசாயத் தொழிலாளர் பிரதிநிதிக்கும் கிராம சுகாதார நர்சுக்கும் இடம் கொடுங்கள். ஓட்டோடு கூடிய இடம். அந்தக் கூட்டத்தின் செலவுக்கு மருந்துக் கம்பெனியின் ஒரு காசும் வேண்டாம். பூஞ்சைக் காளான் புண்ணுக்கான நெறிமுறையை, ஒரு கண் இழப்பையும் இழப்பாகவே எண்ணி, தமிழிலும் எழுதி முதல் வரிசையில் வையுங்கள்.

தமிழக அரசு மருந்துகளை மொத்தமாக வாங்கி வழங்க 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை அமைத்தது. நாடே பார்த்துப் படித்த ஏற்பாடு அது. பச்சை நிறம் காட்டிக் கீறலைப் பிடித்துக் கொடுக்கும் ஃபுளோரசின் தாள் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும், நாட்டமைசின் ஒவ்வொரு வட்டார ஆஸ்பத்திரியிலும் அறுப்புக் காலத்தில் தீராமல் இருக்க அது பொறுப்பேற்க வேண்டும். ஸ்டீராய்டு சொட்டு மருந்தைச் சீட்டில்லாமல் விற்கும் கடைகளை மருந்து ஆய்வாளர்கள் சோதிக்க வேண்டும். புண் ஆறும்வரை கூலி இழப்புக்கு ஈடு வேண்டும்.

நம் வாசகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்குப் போய், கண் கீறலைப் பார்க்கும் தாள் இருக்கிறதா, களிம்பு இருக்கிறதா, காளான் புண் என்றால் எங்கே அனுப்புவார்கள் என்று கேளுங்கள். கிடைக்கிற பதிலை ஊர்ப் பெயரோடும் தேதியோடும் எழுதி நமக்கு அனுப்புங்கள். மார்கழி முடிவதற்குள் வந்து சேர்ந்தால், தை அறுப்புக்கு அரிவாள் தீட்டும் முன்பே மாவட்ட சுகாதார அதிகாரியின் மேஜையில் கொண்டுபோய் வைக்கலாம்.